காக்கா தந்த விதைநெல்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கும் வெண்கட்டி உடைந்துவிடும். கல்முனையில் பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பாடத்தை மறந்தாலும் சுபைறா டீச்சரின் வெண்கட்டியை மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் பாடம் தொடங்க முன்னரே இரண்டு உடைந்துபோயின. பிள்ளைகள் ஒரு பிழையும் செய்யவில்லை. கோபத்தை நான் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

நடந்தது இதுதான். என் மூத்த சகோதரன் நிப்றாஸ், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், இந்த மாரிப் போகத்துக்கு எங்களுக்கு இரண்டு புசல் விதைநெல் தந்தார். தன் வயலில் விளைந்ததில் தானே பார்த்து ஒதுக்கி, காயவைத்து எடுத்த நெல். ஊறிய நெல்லை என் கணவர் ஸஜாத் சாக்கில் கட்டி, மூன்று நாள் காத்திருந்தார். வியாழக்கிழமை பின்னேரம் சாக்கை அவிழ்த்தால் ஒரு நெல்கூட முளைக்கவில்லை, புளித்த வாடைதான் வந்தது. நாவிதன்வெளியில் வயல் உழுது மட்டம் போட்டுத் தயாராகக் கிடக்கிறது. சாக்கை வேலியோரம் எறிந்துவிட்டு, அடுத்த நாள் காலையிலேயே அக்கரைப்பற்றுக்கு ஓடிப்போய்க் கடையில் வேறு விதைநெல் வாங்கி வந்தார். விதைப்பு கொஞ்சம் பிந்தினாலும் தப்பிவிட்டது.

தப்பாதது எங்கள் குடும்பம். அன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த கையோடு ஸஜாத், இரண்டு வளவு தள்ளியிருக்கும் காக்காவின் வாசலில் போய் நின்றார்.

"பழைய நெல்லை என்ட தலையில கட்டிட்டீங்க மச்சான்," என்றார். "இல்லையெண்டா இல்ல எண்டு சொல்லியிரிக்கலாம். இப்பிடிச் செஞ்சிரிக்கத் தேவையில்ல."

பின்னால் ஓடிப்போன நான் காக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுப்பார், சத்தம் போடுவார் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்குப் பஞ்சமில்லை. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "சரி மச்சான், நீங்க சொல்ற மாதிரியே இரிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காக்காவின் மகள் றிஸ்னாவுக்கு இன்னும் பதினாறு நாளில், ஞாயிற்றுக்கிழமை, நிக்காஹ். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஸஜாத் சொன்னார்: "அந்த ஊட்டு வாசல்ல இனி நான் கால் வைக்க மாட்டன். நிக்காஹுக்கு நீ போறெண்டாப் போ, நான் தடுக்கல்ல." தடுக்கவில்லையாம், பெரிய மனசு. பெண்ணின் சொந்த மாமியின் கணவன், கூப்பிடு தூரத்தில் இருக்கிறவன், நிக்காஹ் சபையில் இல்லையென்றால் ஊர் சும்மா இருக்குமா? நான் தனியாகப் போய் நின்றால் பிள்ளையின் நல்ல நாளில் எல்லாரும் என்னிடம் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள். போகாமல் விடவும் முடியாது. றிஸ்னா நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

இதைவிட என்னைத் தின்றது காக்காவின் மௌனம். உண்மையிலேயே பழைய நெல்லைத் தந்துவிட்டாரோ? மனதுக்குள் அப்படிக் கேட்கவே வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தக் கிழமை ஒன்பதாம் வகுப்பில் பாடம் கட்டுப்பாட்டுப் பரிசோதனை. புத்தகத்தில் பயற்றை முளைக்கவைக்கும் உதாரணம் இருக்கிறது. நான் பயற்றைத் தொடவில்லை. காக்கா தந்ததில் ஊறவைக்காத ஒரு சிறு சுண்டு அளவு நெல் வீட்டில் மிஞ்சியிருந்தது. அதையும், கடை நெல்லில் ஒரு பிடியையும், கழுவிய யோகட் கப் சிலவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"ரெண்டு விதைநெல் இரிக்கி," என்றேன். "ஒண்டு தெரிஞ்சவர் தந்தது. ஒண்டு கடையில வாங்கினது. எது முளைக்கும், எது முளைக்காது எண்டு எப்பிடிப் பார்க்கிற?"

"ரெண்டையும் முளைக்கப் போடுற, டீச்சர்."

"சரி. ஒண்டை ஜன்னல்ல வெயில்ல வெச்சு, மத்ததை அலுமாரிக்குள்ள வெச்சா?"

நதீரா எழுந்தாள். அதிகம் கதைக்காத பிள்ளை. கேட்டால் மட்டும் யோசித்துச் சொல்வாள். "ஏலா டீச்சர். மறுகா வித்தியாசம் வந்தா, அது நெல்லால வந்ததா வெயிலால வந்ததா எண்டு தெரியாமப் போகும். நெல்லு மட்டும் வேறயா இரிக்கணும். தண்ணி, இடம், நேரம், கப்பு எல்லாம் ஒண்டா இரிக்கணும்."

அதைத்தான் கரும்பலகையில் எழுதினேன்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே. புத்தகம் இதற்கு 'மாறி', 'கட்டுப்பாடு' என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் பிறகு வரட்டும், விஷயம் விளங்கினால் போதும் என்பது என் கட்சி. ஒவ்வொரு கப்பிலும் ஈரத்துணி விரித்து, ஐம்பது ஐம்பது நெல்லாக எண்ணிப் போடத் தொடங்கினேன்.

"டீச்சர்," என்றாள் ஸைனம்பு. முன்வரிசைக்காரி. பெயர் பழைய காலத்துப் பெயர், வாய் இந்தக் காலத்து வாய். "நீங்க அந்தக் கப்புக்கு மட்டும் பொறுக்கிப் போடுறீங்க."

"என்ன?"

"கடை நெல்லை அள்ளி அப்பிடியே எண்ணிப் போட்டீங்க. இதை ஒவ்வொண்டாப் பார்த்துப் பார்த்துப் போடுறீங்க. கொழுத்த நெல்லு மட்டும்தான் எடுக்கிறீங்க."

மூன்றாவது வெண்கட்டி உடைந்தது. "எனக்குப் படிப்பிக்க வந்தியா நீ? இரி!" என்று கத்தினேன். அவள் இருந்துவிட்டாள். நான் குனிந்து கப்பைப் பார்த்தேன். அவள் சொன்னது அச்சொட்டாக உண்மை. காக்காவின் கப்பில் இருந்த ஒவ்வொரு நெல்லும் பொன் நிறத்தில் திரண்டு கிடந்தது. கொஞ்சம் சூம்பியதையெல்லாம் என் விரல் தானாகவே ஒதுக்கியிருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்று என்று எழுதிய எழுத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு நான் செய்த வேலை இது. காது மடல் சுட்டது.

"எழும்பு ஸைனம்பு," என்றேன். "நீ சொன்னது சரி. நான் கத்தினது பிழை. இந்த நெல்லைத் தந்தது என்ட காக்கா. இது முளைக்கணும் எண்டு எனக்கு ஆசை. அதான் கை அப்பிடிப் போயிட்டு."

முளைக்காத கதையையும் சொன்னேன். சண்டையைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தெருவுக்குள் நடந்தது அந்தப் பிள்ளைகளுக்கு எனக்கு முன்னரே தெரிந்திருக்கும்.

நதீரா மெதுவாகச் சொன்னாள்: "அப்பிடியெண்டா டீச்சர் இதைத் தொடப்படாது."

என்னை மேசையிலிருந்து விலக்கிவிட்டார்கள். நெல்லைக் கொட்டி, கலந்து, கண்ணை மூடிக்கொண்டு அள்ளி எண்ணினார்கள். வேலியோரத்துச் சாக்கில் கிடக்கும் முளைக்காத நெல்லிலும் ஒரு பிடி வேண்டும் என்றாள் நதீரா. அது செத்துவிட்டதா, இன்னும் உயிர் கிடக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். வீடு பக்கத்தில்தான், இடைவேளையில் ஓடிப்போய் எடுத்து வந்தேன். மூன்று கப்பிலும் இலக்கம் மட்டும் எழுதினார்கள். எந்த இலக்கம் எந்த நெல் என்ற துண்டுக் கடதாசி ஸைனம்புவின் பென்சில் பெட்டிக்குள் போனது.

"டீச்சருக்குச் சொல்ல மாட்டம்," என்றாள் அவள். "சொன்னா நீங்க அந்தக் கப்புக்கு மட்டும் கூடத் தண்ணி ஊத்துவீங்க."

ஊற்றியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை.

செவ்வாய் ஒன்றும் தெரியவில்லை. புதன் காலையில் ஒன்றாம், மூன்றாம் கப்புகளில் வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. இரண்டாம் கப் அசையவில்லை. அது காக்காவின் நெல்லாக இருந்தால்? அன்று ஐந்து பாடவேளையும் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது. இரவுத் தொழுகை முடிந்ததும், "யா அல்லாஹ், இரண்டாம் கப் மட்டும் வேண்டாம்," என்று துஆக் கேட்டேன். விஞ்ஞான டீச்சர் யோகட் கப்புக்குத் துஆக் கேட்டதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை பிள்ளைகள் எண்ணினார்கள். முதலாம் கப்பில் நாற்பத்தேழு முளை, இரண்டாம் கப்பில் ஒன்றுமில்லை, மூன்றாம் கப்பில் நாற்பத்தைந்து. ஸைனம்பு பென்சில் பெட்டியைத் திறந்தாள். வேண்டுமென்றே ஆறுதலாகத் திறந்தாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

"மூண்டு, கடை நெல்லு. ரெண்டு, சாக்கில கிடந்த நெல்லு. ஒண்டு," என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள், "டீச்சர்ட காக்காட நெல்லு."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னேன். காக்கா பழைய நெல்லைத் தரவில்லை. கடை நெல்லைவிட இரண்டு முளை கூட வந்த நெல்லைத் தந்திருக்கிறார். ஒரு கிழமையாக அவரைச் சந்தேகப்பட்ட என் மனதை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

கப்பைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போய் ஸஜாத்தின் முன்னால் வைத்தேன். விளக்கமெல்லாம் சொன்னேன். அவர் முளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப என்ட கையாலதான் கெட்டது எண்டு சொல்ற?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

"நெல்லு நல்லமெண்டா மறுகா என்ன? இருவது வருசமா விதைக்கிறன். எனக்கு நெல்லு முளைகட்டத் தெரியா எண்டு ஒன்பதாம் வகுப்புப் புள்ளையள் கண்டுபிடிச்சிரிக்குதுகள். போய் உன்ட காக்காக்கிட்டக் காட்டு. சிரிப்பார்."

எழுந்து வெளியே போய்விட்டார். ஒரு ஆளைக் காப்பாற்றப்போய் மற்ற ஆளைக் குற்றவாளியாக்கிவிட்டேன். நிக்காஹுக்கு இன்னும் பத்து நாள். வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றவர், இப்போது அந்தத் தெருப்பக்கமே போகாமல் சுற்றிப் போனார்.

மறுநாள் வகுப்பில் நானாக எதையும் சொல்லவில்லை. நதீராதான் கேட்டாள்.

"டீச்சர், ஒரே நெல்லு இஞ்ச முளைச்சிரிக்கி, உங்கட ஊட்டுல முளைக்கல்ல. அப்பிடியெண்டா ஊட்டுல வேற ஏதோ ஒண்டு மாறியிரிக்கணும். அது என்ன?"

"தண்ணி," என்றது ஒரு குரல். "ஊறவெச்ச பரல்," என்றது இன்னொன்று. "சாக்கு." பின்வரிசையிலிருந்து, "கண்ணூறு," என்று ஒருத்தி சொல்ல வகுப்பே சிரித்தது. எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார்கள். கண்ணூறையும் எழுதிவிட்டு, அதை எப்படி அளப்பது என்று தெரியாமல் அழித்தார்கள்.

"டீச்சர், நெல்லு உங்கட ஊட்டுக்கு வந்ததில இருந்து என்னென்ன நடந்தது எண்டு வரிசையாச் சொல்லுங்க," என்றாள் ஸைனம்பு. பொலிசில் வாக்குமூலம் எடுப்பவர்களுக்கு இந்தப் பிள்ளை நல்ல துணை.

சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பின்னேரம் பரல்ல நெல்லைக் கொட்டினன். தண்ணி நிரப்பினன். கல்லுப்பைப் போட்டுக் கலக்கினன். முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பு இரிக்கணும். அப்பதான் பதர் முழுக்க மேல வரும். பதரை அள்ளி எறிஞ்சன். அதுக்குப் பொறகு..."

நிறுத்திவிட்டேன்.

"அதுக்குப் பொறகு, டீச்சர்?"

அதற்குப் பிறகு உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு நெல்லை இரண்டு தரம் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். கழுவப் போன நேரத்தில்தான் சாய்ந்தமருதிலிருந்து அழைப்பு வந்தது. சாச்சி, உம்மாவின் தங்கை, மௌத்தாகிவிட்டார், உயிர் பிரிந்து கொஞ்ச நேரம்தான் என்றார்கள். கையைத் துடைத்துக்கொண்டு மையத்து வீட்டுக்கு ஓடினேன். அன்றிரவு அங்கேயே தங்கி, அடுத்த நாள் பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தேன். அதற்குள் நெல் சாக்குக்குள் போயிருந்தது. ஸஜாத் வழமையாகக் கழுவுகிறவர், கழுவியிருப்பார் என்று இருந்துவிட்டேன். அவரோ பதர் எடுத்துச் சுத்தமாகக் கிடந்த நெல்லைக் கண்டு, நான் கழுவி ஊறவைத்துவிட்டுப் போயிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு நாள் முழுக்க அந்த நெல் உப்புக்குள் கிடந்திருக்கிறது.

உப்புப் போட்டதை நான் ஏன் ஒரு தரம்கூட நினைக்கவில்லை? அது என் கணக்கில் ஒரு விஷயமே இல்லை. சோறாக்குகிறவள் அரிசி களைந்ததைத் தனியாக ஞாபகம் வைத்திருப்பாளா?

"நான் கழுவல்ல," என்றேன்.

அன்று வெண்கட்டி உடையவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன்: "வாயால சொன்னாப் போதாது. திங்கக்கிழமை செஞ்சு பார்ப்பம்."

மிஞ்சிய நெல்லில் மறுபடியும் மூன்று கப். ஒன்று நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறியது. ஒன்று முட்டை மிதக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறியது. மூன்றாவது ஸைனம்புவின் யோசனை. உப்பில் போட்டு, உடனே எடுத்துக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்தது. "குத்தம் உப்பிலயா, கழுவாததிலயா எண்டு பார்க்கணும், டீச்சர்," என்றாள். அந்த வயதில் எனக்கு அவ்வளவு புத்தி இருக்கவில்லை. இப்போதும் இல்லை என்பதைத்தான் அந்தக் கிழமை நிரூபித்திருந்தேன்.

வியாழக்கிழமை எண்ணினார்கள். நல்ல தண்ணீர், நாற்பத்தாறு. உப்பில் கிடந்தது, ஒன்றுமில்லை. உப்பில் போட்டுக் கழுவியது, நாற்பத்தேழு.

வெட்கம் வரும் என்று நினைத்தேன். வந்தது நிம்மதி. நெஞ்சில் இரண்டு கிழமையாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல இருந்தது. காக்கா ஏமாற்றவில்லை, ஸஜாத் கெடுக்கவில்லை, கெடுத்தது நான். குற்றவாளி என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் ஊரில் வேறு இருக்கமாட்டார்கள்.

வீட்டுக்குப் போய் ஸஜாத்திடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். உப்பு, முட்டை, சாச்சி மௌத்தானது, மூன்று கப். பெரிய சத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நீ கழுவிட்டுத்தான் போயிரிக்க எண்டு நெனச்சன்," என்றார். "ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாம் நான். கேக்காம மச்சான்ட வாசல்ல போய் நிண்டு..." முகத்தைத் துடைத்தார். "சட்டையை எடுத்துத் தா."

என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். தனியாகப் போகத் தைரியம் இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. காக்கா முற்றத்தில் பந்தல் கம்பங்களை அளந்துகொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் அளவு நாடாவைக் கீழே வைத்தார்.

"மச்சான், உங்கட நெல்லில ஒரு குத்தமும் இல்ல," என்றார் ஸஜாத். "நான் கதைச்சது பிழை. மன்னிச்சிக்கங்க."

"நெல்லு உப்புத் தண்ணிக்குள்ள கிடந்திட்டுக் காக்கா," என்று நான் தொடங்கினேன். "நான்தான்..."

"தெரியும்," என்றார் காக்கா.

"எப்பிடி?" என்றேன்.

"மச்சான் வந்த அண்டைக்கு விடிய சுபஹு தொழப் போகக்குள்ள உங்கட வேலியோரம் சாக்கு கிடந்தது. என்ட நெல்லு ஏன் முளைக்கல்ல எண்டு ஒண்டை எடுத்துக் கடிச்சன். சரியான உப்பு. உப்புப் போட்டுப் பதர் எடுக்கிறது எப்பவும் நீதானே."

"தெரிஞ்சுகொண்டா அவர் ஏசக்குள்ள பேசாம நிண்டீங்க?" எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும். "ஒரு வார்த்தை சொல்லியிரிந்தா இவ்வளவும் வந்திரிக்குமா?"

காக்கா ஸஜாத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மச்சான் எவ்வளவு கோவத்தில வந்தார் எண்டு நீயும் பார்த்தாய்தானே. நான் உண்மையைச் சொன்னா அந்தக் கோவம் உன்னோட உன்ட ஊட்டுக்குள்ள வரும். உனக்கு ராத்திரியும் பகலும் அங்கதான் சீவியம். அதைவிட எனக்கும் அவருக்கும் நடுவுல, தெருவுல கிடக்கட்டும் எண்டு நெனச்சன்."

ஆறு கப், முந்நூறு நெல், ஒரு வகுப்புப் பிள்ளைகள் என்று நான் தேடித் திரிந்ததை, இந்த மனுசன் ஒரே ஒரு நெல்லைக் கடித்துத் தெரிந்துகொண்டு, எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். தன் மகளின் நிக்காஹ் சபையில் ஒரு இடம் வெறுமையாகிப் போகும் என்று தெரிந்தே இருந்திருக்கிறார். நான் அவருடைய நெல்லையல்லவா சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த முற்றத்திலேயே நின்று அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக அழுதேன். அழ அழ நெஞ்சு இலேசாகிக்கொண்டு வந்தது.

ஸஜாத் என்னைத் தேற்ற வரவில்லை. கீழே கிடந்த அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையைக் காக்காவின் கையில் கொடுத்தார்.

"பந்தல் எத்தின அடி போடுறீங்க மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே மற்ற முனையை இழுத்துக்கொண்டு வேலிப்பக்கம் நடந்தார்.